பெரிய கேமராவா, சட்டைப்பைக் கேமராவா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வரும் நம் குடும்பங்கள் போகும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனுக்கு ஒரு கும்பிடு, வயிறாரச் சாப்பாடு, பிறகு சையத் அல்வி சாலையில் முஸ்தபா. அங்கிருந்து இன்னும் கொஞ்சம் நடந்தால் ஜாலான் புசார். மலாய் மொழியில் 'பெரிய சாலை' என்று பொருள்.

மின்சாமான் தேடுவோருக்கு இந்த வட்டாரம் பழகிய இடம். சாலையின் தொடக்கத்திலேயே சிம் லிம் டவர் நிற்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி, 1987-இல் திறக்கப்பட்ட சிம் லிம் ஸ்குவேர். பக்கத்தில் சுங்கை சாலையில் பல்லாண்டுகள் நடந்த பழம்பொருள் சந்தையில் பழைய கேமராக்களும் தரையில் விரித்த துணிமேல் கிடக்கும். அந்தச் சந்தை 2017 ஜூலை 10-ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டது. ஆனால் கேமரா வாங்கும் ஆசை மூடப்படவில்லை!

வீட்டில் ஒரு கேமரா வாங்கலாம் என்று பேச்செடுத்ததுமே இரண்டு கட்சி உண்டாகிவிடும். "கல்யாண வீட்டில் படம் பிடிப்பவர் வைத்திருப்பாரே, அந்த மாதிரி டிஎஸ்எல்ஆர் வேண்டும்" என்பான் மகன். "கைப்பையில் அடங்கும் சின்னக் கேமரா போதுமடா" என்பாள் தாய். செலவு செய்ய வேண்டிய தகப்பனாரோ வாய் திறக்கமாட்டார். யார் சொல்வது சரி? இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எது நம் வீட்டுக்குப் பொருந்தும் என்பதே கேள்வி.

இது வெறும் விளையாட்டுச் சாமான் விவகாரமன்று. தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமாரின் படம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? பல வீடுகளில் அடையாளக் கார்டுக்கு எடுத்த ஒரே படம்தான் மிச்சம். லயங்கள் இடிபடுகின்றன, பால்மரக் காடு செம்பனையாகிறது, வீடமைப்புப் பகுதியாகிறது. இன்று எடுக்காத படத்தை நாளை எடுக்க முடியாது. ஆகவே, வாங்கும் கருவி கையில் எப்போதும் இருக்க வேண்டும், எடுத்த படமும் தெளிவாக இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவைக்கும் நடுவில்தான் போட்டியே.

உள்ளே என்ன இருக்கிறது?

டிஜிட்டல் கேமராவுக்கு வயது அதிகமில்லை. 1975-இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் மாதிரியைச் செய்தார். எடை 3.6 கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிக்க 23 விநாடி பிடித்தது. 2003-இல் கேனன் ஈஓஎஸ் 300டி வந்தபோதுதான் டிஎஸ்எல்ஆர் ஆயிரம் அமெரிக்க டாலருக்கும் கீழே இறங்கிச் சாதாரண மக்கள் கைக்கு எட்டியது.

டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் சாய்ந்த கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி எழும்பிக்கொள்ளும், வெளிச்சம் பின்னாலுள்ள உணர்தகட்டில் விழும். நாம் கேட்கும் 'டக்' என்ற ஓசையில் அந்தக் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. சின்னக் கேமராவில் கண்ணாடி கிடையாது. பின்பக்கத் திரையைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

முக்கியமான வேறுபாடு அந்த உணர்தகட்டின் அளவு. கேனனின் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் அது 22.3-க்கு 14.9 மில்லிமீட்டர். சாதாரணச் சின்னக் கேமராக்கள் பலவற்றில் சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர்தான். பரப்பளவைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 12 மடங்கு! பால்மரத்து மங்கு ஒன்றையும் வாளி ஒன்றையும் மழையில் பக்கம்பக்கமாக வைத்துப் பாருங்கள். எதில் அதிகத் தண்ணீர் சேரும்? வெளிச்சமும் அப்படித்தான். ஐப்பசியில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் தீமிதியை இரவில் எடுத்தால், சின்னக் கேமராவின் படம் புள்ளி புள்ளியாகக் கலங்கும், ஓடுபவர் உருவம் இழுபடும். பெரிய கேமரா சமாளித்துக்கொள்ளும். பட்டப்பகலில் பள்ளி மைதானத்தில் நின்று எடுத்தால் இரண்டு படத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கடினம்.

மெகாபிக்சல் மயக்கம்

"அண்ணே, இது 24 மெகாபிக்சல்" என்று கடைக்காரர் சொன்னதும் மலைத்துவிடாதீர்கள். ஆல்பத்தில் ஒட்டும் 6-க்கு 4 அங்குலப் படத்தைத் துல்லியமாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், இரண்டேகால் மெகாபிக்சல் போதும். சுவரில் மாட்டும் 12-க்கு 8 அங்குலப் படத்துக்கு ஒன்பது போதும். மீதியெல்லாம் படத்தை வெட்டி எடுக்கத்தான் உதவும்.

இன்னொரு மயக்கம், பெரிய கேமரா என்றால் தூரத்தில் இருப்பதையும் இழுத்துக் காட்டும் என்பது. பெட்டியோடு வரும் 18-55 லென்ஸ் மூன்று மடங்குதான் இழுக்கும். பத்து மடங்குக்கு மேல் இழுக்கும் சின்னக் கேமராக்கள் உண்டு. டிஎஸ்எல்ஆரில் அந்த வசதி வேண்டுமென்றால் இன்னொரு லென்சுக்குத் தனியே காசு எடுத்து வைக்க வேண்டும். கேமராவின் விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் சிரமப்படுவது இங்கேதான். உபரி மின்கலம், அட்டை, பை எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

இன்றைய நிலவரம்

2010-இல் உலகெங்கும் 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்கு அனுப்பப்பட்டன. 2023-இல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. காரணம், நம் எல்லார் கையிலும் இருக்கும் கைப்பேசி. கேனனும் நிக்கானும் கண்ணாடியில்லாக் கேமராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. 2018-இல் வந்த நிக்கான் டி3500-இன் தயாரிப்பும் நின்றுவிட்டது. ஆகவே தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் இன்று பெரும்பாலும் பழைய சாமானாகவே கைமாறுகிறது. வேடிக்கை என்னவென்றால், இளைஞர்கள் 2000-ஆம் ஆண்டுகளின் பழைய சின்னக் கேமராக்களை நாகரிகமாகத் தேடத் தொடங்க, மேசை இழுப்பறையில் தூங்கிய பெட்டிகளுக்கும் விலை ஏறிவிட்டது. நல்ல கைப்பேசி வீட்டில் இருந்தால், மலிவான சின்னக் கேமரா வாங்கி அதைவிடச் சிறந்த படம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தூரத்தை இழுக்கும் வசதிக்காக வாங்கினால் சரி.

பழையதை வாங்கும்போது

லென்சைக் கழற்றி, கைவிளக்கு ஒளியில் உள்ளே பாருங்கள். நூல் நூலாகவோ சிலந்திவலை போலவோ தெரிந்தால் பூஞ்சணம். வாங்காதீர்கள். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் உணர்தகட்டின் அழுக்கு தெரிந்துவிடும். எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்று கேளுங்கள். டி3500 போன்றவற்றின் ஷட்டர் 100,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. பழைய சின்னக் கேமராவாக இருந்தால் அட்டையைக் கவனியுங்கள். சில பெட்டிகள் 2 ஜிபிக்கு மேற்பட்ட அட்டையை ஏற்காது. எக்ஸ்டி அட்டையோ இன்று செய்யப்படுவதே இல்லை.

கடையில் கவனம்

விலையை முழுதாகப் பேசி, ரசீதில் எழுதச் சொல்லி, பிறகே பணத்தை எடுங்கள். 2014-இல் சிம் லிம் ஸ்குவேரில் கைப்பேசி வாங்கிய வியட்னாம் சுற்றுப்பயணி ஒருவரிடம், விலை கட்டிய பிறகு உத்தரவாதத்துக்கென்று பெரும் தொகை கேட்கப்பட்டது. அவர் மண்டியிட்டு அழுத காட்சி ஊரையே உலுக்கியது. அந்தக் கடையை நடத்தியவருக்கு 2015-இல் 33 மாதச் சிறை கிடைத்தது. எல்லாக் கடைக்காரரும் அப்படியல்லர். ஆனாலும், "உத்தரவாதம் மலேசியாவில் செல்லுமா?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது முன்பே இருந்த பழுதாகக் கருதப்படும். கடைக்காரர் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும். இது கடைகளுக்கே பொருந்தும், தனியாள் கைமாற்றி விற்பதற்குப் பொருந்தாது. இன்னொன்று, 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சுற்றுப்பயணிகள் திரும்பப் பெறலாம் என்பது விமானத்தில் திரும்புவோருக்குத்தான். பாலம் வழியாகப் பேருந்தில் வரும் நமக்குக் கிடையாது. அந்தத் தள்ளுபடியை மனத்தில் வைத்து விலை பேசாதீர்கள்.

அப்படியானால் எது?

பிள்ளைகளின் பிறந்தநாள், தைப்பூசம், பள்ளி விளையாட்டு, ஊர்ப்பயணம் இவற்றுக்கு என்றால் தாய் சொன்னதே சரி. பெரிய கேமரா கனம் என்று அலமாரியில் தங்கிவிடும். தங்கிய கேமரா படம் எடுக்காது. மகனுக்கு இது கற்கும் ஆசையாக இருந்தால், நாளை கல்யாண வீடுகளில் படம் பிடித்து நாலு காசு சம்பாதிக்கும் எண்ணமும் இருந்தால், பழைய டிஎஸ்எல்ஆர் நல்ல பள்ளிக்கூடம். வெளிச்சம், வேகம், துவாரம் மூன்றையும் கையால் திருப்பிக் கற்கலாம். முதலில் உடலுக்குக் குறைவாகச் செலவிட்டு, மிச்சத்தில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வாங்குவது புத்திசாலித்தனம். அது மண்டப வெளிச்சத்தில் கைகொடுக்கும்.

எதை வாங்கினாலும் தோல்பையில் மூடி அலமாரியில் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கும் கேமரன் மலைப் பனிக்கும் பூஞ்சணம் ஓடி வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா மணிகளைப் போட்டு வைத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. எடுத்த படம் அட்டையிலேயே கிடந்தால் அட்டை கெடும் நாளில் அதுவும் போய்விடும். வருடத்துக்குப் பத்துப் படமாவது அச்சிட்டு, பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். முதல் படமாக வீட்டிலுள்ள மூத்தவரை, அவர் வாழ்ந்த லயத்து வாசலில் நிற்கவைத்து எடுங்கள். வாசல் இன்னும் இருந்தால்!