கம்பியில்லாப் பொத்தான்களும் கண்ணி வலையமைப்பும்

கம்பியில்லாப் பொத்தான் என்பது ஸ்மார்ட் ஹோம் எனப்படும் திறன் வீடுகளில் விளக்கு, மின்விசிறி, திரைச்சீலை போன்றவற்றை இயக்கப் பயன்படும், மின்கலத்தால் இயங்கும் சிறு கருவி ஆகும். சுவரை உடைத்துக் கம்பி இழுக்காமல் வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்பது இதன் நன்மை. ஒரு நாள் முதல் அழுத்திலேயே விளக்கு எரிவதும், மறுநாள் நான்கு முறை அழுத்தியும் எரியாமல் இருப்பதும் இதில் பரவலாகக் காணப்படும் குறை. படுக்கையில் இருக்கும் முதியவர் உதவிக்கு அழைக்கும் மணியாக இப்பொத்தான் வைக்கப்பட்டிருந்தால், இக்குறை ஆபத்திலும் முடியலாம். பல நேரங்களில் கோளாறு பொத்தானில் இருப்பதில்லை. அது சார்ந்திருக்கும் வலையமைப்பில் இருக்கிறது.

செயல்படும் விதம்

இவ்வகைப் பொத்தான்களில் பல சிக்பீ என்னும் நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. இது ஐஇஇஇ 802.15.4 தரத்தின் மேல் அமைந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் தரவை அனுப்புகிறது. சிக்பீ வலையமைப்பில் மூன்று வகைக் கருவிகள் உண்டு.

ஒருங்கிணைப்பி: வலையமைப்பைத் தொடங்கி வைக்கும் மையக் கருவி. ஒரு வலையமைப்பில் ஒன்று மட்டுமே இருக்கும்.

திசைவி: எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் கருவி. ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் பல்பு போன்றவை பெரும்பாலும் இவ்வகையில் அடங்கும். தனக்கு வந்த செய்தியை அடுத்த கருவிக்குக் கடத்தும்.

முனைக் கருவி: மின்கலத்தில் இயங்கும் பொத்தான், உணரி போன்றவை. இவை பிறர் செய்தியைக் கடத்துவதில்லை.

திசைவிகள் ஒன்றோடொன்று இணைந்து மீன்வலையின் கண்ணிகளைப் போல் பல வழிகளை உண்டாக்குவதால் இது கண்ணி வலையமைப்பு எனப்படுகிறது. ஒரு வழி அடைபட்டால் செய்தி வேறு வழியில் செல்லும். ஆனால் இவ்வசதி பொத்தானுக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. பொத்தான் ஒரு நேரத்தில் ஒரே ஒரு திசைவியுடனோ ஒருங்கிணைப்பியுடனோ மட்டுமே இணைந்திருக்கும். அக்கருவி அதன் தாய்க் கருவி எனப்படுகிறது. மின்கலத்தைச் சேமிக்கப் பொத்தான் பெரும்பாலான நேரம் உறக்க நிலையில் இருந்து, அழுத்தும்போது விழித்து, தாய்க் கருவிக்குச் செய்தியை அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கும். தாயின் மறுமொழி வராவிட்டால் சில முறை மட்டுமே திரும்ப முயலும். ஆகவே தாய்க் கருவி இல்லாமற்போனால், மற்ற கண்ணிகள் நன்றாக இருந்தாலும் அந்த அழுத்து வீணாகும்.

பொதுவான காரணங்கள்

அணைக்கப்படும் திசைவி: ஸ்மார்ட் பல்பு தாய்க் கருவியாக இருக்கும் வீட்டில், யாராவது சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டால், அந்தப் பல்பை நம்பியிருந்த பொத்தானும் துண்டிக்கப்படும். அது புதிய தாயைத் தேட வேண்டும். சில பொத்தான்கள் இத்தேடலை உடனே செய்யும். சில மிகவும் தாமதிக்கும். சில மீண்டும் இணைக்கும் வரை செயல்படுவதே இல்லை. மின்தடையின்போது இன்வெர்ட்டர் இணைப்பில் இல்லாத திசைவிகளுக்கும் இதே நிலைதான்.

வைஃபை இடையூறு: சிக்பீக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 11 முதல் 26 வரை 16 அலைத்தடங்கள் உள்ளன. வைஃபையும் புளூடூத்தும் இதே பகுதியில் இயங்குகின்றன. மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் இங்கேயே விழுகிறது. வைஃபையின் 1, 6, 11 ஆகிய அலைத்தடங்கள் சிக்பீயின் 11 முதல் 14, 16 முதல் 19, 21 முதல் 24 வரையிலானவற்றை மூடுகின்றன. 15, 20, 25, 26 ஆகியவை இடைவெளிகளில் அமைகின்றன. இவற்றுள் 26-இல் பல கருவிகள் குறைந்த ஆற்றலுடனேயே அலைபரப்பும். வைஃபை 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அமைக்கப்பட்டிருந்தால் இந்த இடைவெளிகளும் குறைந்துவிடும்.

யூஎஸ்பி 3.0 இரைச்சல்: யூஎஸ்பி 3.0 துளைகளும் வன்தட்டுகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்குவதை இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையில் விளக்கியுள்ளது. சிக்பீ டாங்கிளைக் கணினியில் நேரடியாகச் செருகுவதைவிட, ஒரு மீட்டர் நீள யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வைப்பது நல்லது. செலவு குறைந்த இந்த மாற்றமே பல வீடுகளில் குறையைத் தீர்த்துவிடும்.

மின்கலம்: சிஆர்2032 போன்ற நாணய மின்கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 3 வோல்ட். பழையதாக ஆக அதன் உள்தடை கூடும். ஓய்வில் அளக்கும்போது நல்ல மின்னழுத்தம் காட்டினாலும், அலைபரப்பும் கணத்தில் அது சரிந்துவிடும். எனவே செயலியில் தெரியும் விழுக்காட்டை மட்டும் நம்ப முடியாது.

சுவரும் உலோகமும்: இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் சுவர், தளம், இரும்பு அலமாரி, உலோக சுவிட்சுப் பெட்டி ஆகியவை அலையை வலுவிழக்கச் செய்கின்றன.

கோளாறு அறியும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குறையைத் தீர்த்தது என்று தெரியாமற்போகும். ஒவ்வொன்றாகச் சோதிப்பதே முறை.

1. பொத்தானை அழுத்தி, மையக் கருவியின் பதிவேட்டில் அந்த அழுத்து பதிவாகிறதா எனப் பார்க்க வேண்டும். பதிவாகியும் விளக்கு எரியாவிட்டால் கோளாறு பொத்தானில் இல்லை. தானியங்கு விதியிலோ விளக்கிலோ இருக்கிறது.

2. பதிவாகாவிட்டால் புதிய மின்கலம் இட வேண்டும். குழந்தைகள் விழுங்காதிருக்கக் கசப்புப் பூச்சுடன் வரும் மின்கலங்கள் சில கருவிகளில் சரியாகத் தொடுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கழற்றிய மின்கலத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

3. வலையமைப்பு வரைபடம் காட்டும் மென்பொருள் இருந்தால், பொத்தானின் தாய்க் கருவி எது என்று கண்டு, அதற்கு மின்சாரம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். தாயின் அருகில் பொத்தானைக் கொண்டுசென்று அழுத்தும்போது தவறாமல் பதிவானால், தொலைவோ இடையூறோ காரணம். அங்கும் பதிவாகாவிட்டால், பொத்தானை மீண்டும் இணைத்துப் பார்க்க வேண்டும்.

4. டாங்கிளைக் கணினியிலிருந்தும் வைஃபை திசைவியிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும்.

5. பொத்தானுக்கும் மையக் கருவிக்கும் நடுவே, யாரும் அணைக்காத இடத்தில் ஒரு ஸ்மார்ட் பிளக்கைத் திசைவியாகச் சேர்க்க வேண்டும். பிறகு பொத்தானை அது இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து மீண்டும் இணைக்க வேண்டும். இணைக்கும்போது சில நொடிக்கு ஒருமுறை அழுத்தினால் அது உறங்காமல் இருக்கும்.

6. இவற்றுக்குப் பிறகும் குறை நீடித்தால் மட்டுமே அலைத்தடத்தை மாற்ற வேண்டும். அவ்வாறு மாற்றும்போது உறக்கத்தில் உள்ள கருவிகள் சிலவற்றை மீண்டும் இணைக்க நேரிடும்.

பிற நெறிமுறைகள்

திரெட் நெறிமுறையும் 802.15.4 தரத்தையே பயன்படுத்துவதால், மேற்கூறிய இடையூறுகள் அதற்கும் பொருந்தும். இசட்-வேவ் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்குவதால் வைஃபையால் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் அதன் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் பகுதி. அமெரிக்காவில் வாங்கிய இசட்-வேவ் பொத்தான் இந்தியாவுக்கான மையக் கருவியுடன் இணையாது.

மாற்று ஏற்பாடு

சிக்பீயில் பொத்தானை விளக்குடன் நேரடியாகப் பிணைக்கும் வசதி உண்டு. அவ்வாறு பிணைத்தால் மையக் கருவி நின்றுபோனாலும், இடையில் உள்ள திசைவிகள் இயங்கும் வரை விளக்கு எரியும். எனினும் எல்லா ஏற்பாடுகளுக்குப் பிறகும் கம்பியில்லா இணைப்பு எப்போதாவது தவறக்கூடியதே. படிக்கட்டு விளக்கு, நோயாளியின் அழைப்பு மணி போன்றவற்றுக்குக் கம்பி வழிச் சுவிட்சையும் கைவிடாமல் வைத்திருப்பதே பாதுகாப்பானது.