பிள்ளை பொய் சொல்லவில்லை

வெளியே பேசக் கூச்சப்படும் விஷயம்தான். ஆனாலும் நம் சங்கக் குடும்பங்களில் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

செம்பூருக்கு நாங்கள் குடிவந்தபோது என் மகனுக்கு ஏழு வயது. பள்ளி விட்டு வந்தால் ஜட்டியில் மலக்கறை இருக்கும். "வந்தால் சொல்லத் தெரியாதா?" என்று திட்டுவேன். ஒருநாள் அடித்தும்விட்டேன். "எனக்குத் தெரியவே இல்லம்மா" என்று அழுதான். அது உண்மை என்பதைக் குழந்தை மருத்துவர் ஒருவர் விளக்கிய பிறகே உணர்ந்தேன்.

மலக்குடலில் மலம் சேர்ந்ததும் அதன் சுவர் விரிகிறது. சுவரிலுள்ள உணர்வு நரம்புகள் அந்த விரிவை அறிந்து, முதுகுத்தண்டின் அடிப்பகுதி வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. 'போக வேண்டும்' என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

ஒருமுறை வலித்துவிட்டாலோ, பள்ளிக் கழிவறை அசுத்தமாக இருந்தாலோ குழந்தை அடக்கிக்கொள்கிறது. தங்கிய மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்வதால் அது இறுகுகிறது, அடுத்த முறை இன்னும் வலிக்கிறது, மறுபடி அடக்குகிறது. மாதக்கணக்கில் இப்படி விரிந்தே கிடக்கும் மலக்குடலில், வழக்கமான அளவு மலம் வந்தாலும் உணர்வு எழுவதில்லை. இறுகிய மலத்தைச் சுற்றி இளகிய மலம் கசிவதும் பிள்ளைக்குத் தெரிவதில்லை. அதைப் பேதி என்று நினைத்து, நிறுத்த மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

ஆறுதலான செய்தி, பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சரியாகக்கூடியது. முதலில் தேங்கியதை வெளியேற்ற வேண்டும். பிறகு மருத்துவர் சொன்னபடி மலமிளக்கி மருந்தைப் பல மாதங்கள் தொடர வேண்டும். குடல் சுருங்கிப் பழைய நிலைக்கு வர அத்தனை காலம் பிடிக்கும். இரண்டே வாரத்தில் மருந்தை நிறுத்தி நாங்கள் முதலில் ஏமாந்தோம். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அப்போது ஐந்து, பத்து நிமிடம் உட்காரப் பழக்குங்கள். காலையில் பள்ளிக்கு ஓடும் அவசரத்தில் முடியாததால், நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொண்டோம்.

பிறவியிலேயே குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத நோய் வேறு. 1886-இல் டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் விவரித்த அந்த நோய்க்கு அறுவை சிகிச்சை தேவை. பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் கழியாதது, வயிறு உப்பல், பச்சை வாந்தி, எடை கூடாமை ஆகியவை இருந்தால் தாமதம் வேண்டாம். பரேலில் 1929-இல் தொடங்கிய வாடியா குழந்தைகள் மருத்துவமனை நமக்குத் தொலைவில்லை.

ஓராண்டில் என் மகன் தேறினான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் கேட்க வேண்டிய நிலை வராதிருக்கட்டும்.