போளையும் கறுப்பு மணலும்

பிள்ளைகளே, ஒரு வெறும் மீன்பேணியை விறாந்தைத் தரையில் கவிழ்த்து வையுங்கள். நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, அதற்கு மேலே ஓர் அகலப் பலகையைப் போடுங்கள். பேணி மறைந்துவிட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரு கூட்டாளியைக் கூப்பிட்டு, ஒரே பக்கத்திலிருந்து போளைகளை உருட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு போளையும் எந்த வழியால் வெளியே வருகிறதோ, அந்த இடத்தில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள்.

என் மருமகன் நாற்பது தடவை உருட்டினான். கோடுகள் விசிறி விரித்த மாதிரிப் பரவின. “மாமா, உள்ளுக்கு வட்டமா ஏதோ இருக்கு” என்றான். அடுத்ததாகப் பேணியை எடுத்துவிட்டு, ஒரு செங்கல்லைச் சரித்து வைத்தேன். இந்தத் தடவை செங்கல்லில் பட்ட போளைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பக்கம் திரும்பி ஓடின. பலகையைத் தூக்காமலே அவனுக்கு வித்தியாசம் பிடிபட்டுவிட்டது.

இதைத்தான் விஞ்ஞானிகள் சிதறல் என்கிறார்கள். அணுவை உள்ளே திறந்து பார்க்க முடியாது. அதனால் அதன்மேல் துணிக்கைகளை எறிந்து, அவை தெறிக்கும் திசைகளை எண்ணுகிறார்கள். அணுவின் நடுவில் மிகச் சிறிய கரு ஒன்று இருப்பதை ரதபோர்ட் 1911இல் சொன்னதும் இப்படி எண்ணித்தான்.

எறியாமலே, கடதாசியும் பென்சிலும் வைத்துச் சிதறலைக் கணக்கிடுகிறவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் ஹோமி பாபா. மும்பையில் 1909இல் பிறந்தவர். எந்திரவியல் படித்து ஜாம்ஷெட்பூர் உருக்காலைக்கு வரட்டும் என்று வீட்டார் அவரை 1927இல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அவருடைய மனமோ பௌதிகவியலில் விழுந்துவிட்டது. சொன்ன படிப்பை முதல் வகுப்பில் முடித்துக் கொடுத்துவிட்டு, விரும்பிய படிப்புக்குப் போனார். அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்போது பொசித்திரன் என்ற புதுத் துணிக்கை கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. நிறையில் இலத்திரனைப் போன்றது, மின்னேற்றம் மட்டும் எதிரானது. இவை இரண்டும் மோதினால் என்ன நடக்கும்? போளைகளைப்போல ஒன்றை ஒன்று தள்ளிவிட்டுப் போகலாம் என்று நினைப்போம். ஆனால் போளையில் ஒருநாளும் நடக்காத இன்னொன்றும் இங்கே நடக்கும். இரண்டும் சேர்ந்து அழிந்து, அந்தச் சக்தியிலிருந்து திரும்பவும் ஓர் இலத்திரனும் பொசித்திரனுமாகப் பிறக்கும். இந்த இரண்டு வழிகளையும் சேர்த்தால்தான் விடை சரியாக வரும் என்று கணக்கிட்டுக் காட்டினார் பாபா. 1936இல் வெளிவந்த அந்தக் கணக்குக்கு இன்றைக்கும் ‘பாபா சிதறல்’ என்றுதான் பெயர். இலத்திரனையும் பொசித்திரனையும் மோதவிடும் பெரிய பொறிகளில், மொத்தம் எத்தனை மோதல் நடந்தது என்பதை அளக்க அதுவே அளவுகோல்.

சரி, இதற்கும் நம் திருகோணமலைக்கும் என்ன சம்பந்தம்?

நகரத்திலிருந்து வடக்கே, நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் போனால் புல்மோட்டை. அங்கே கடற்கரை மணல் கறுப்பு. அம்மம்மா அரிக்கன்சட்டியில் அரிசி அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரோடு அரிசி வழிந்து போகும், பாரமான கல் அடியில் தங்கும். அதே வேலையை அங்கே அலை செய்கிறது. இலேசான வெள்ளை மணலை இழுத்துப் போய், பாரமான கனிமங்களைக் கரையிலே விட்டுவிடுகிறது. அதில் பெரும்பங்கு இல்மனைற்று. கூடவே சேர்க்கனும் உரூட்டைலும் இருக்கின்றன. இல்மனைற்றிலிருந்து எடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத்தான் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்றுக்கு வெண்மை கொடுக்கிறது. கறுப்பு மணலுக்குள் இவ்வளவு வெள்ளை!

அந்த மணலில் இன்னும் ஒன்று, மிகக் கொஞ்சமாக இருக்கிறது. மஞ்சளும் பழுப்பும் கலந்த மொனசைற்று. அதற்குள்ளே தோரியம் உண்டு.

அணு உலைகளின் எரிபொருளான யுரேனியம் இந்தியாவில் குறைவு. ஆனால் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிப் பக்கத்து மணவாளக்குறிச்சியிலும் மொனசைற்று நிறைய உண்டு. நாட்டின் அணுசக்தி வேலைக்குத் தலைமை ஏற்ற பாபா, 1954இல் மூன்று கட்டத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். அதன் கடைசிக் கட்டம் தோரியம். தோரியத்தை அப்படியே எரிபொருளாகப் பயன்படுத்த முடியாது. அது நியூத்திரன் என்ற துணிக்கை ஒன்றை விழுங்கினால், சில வாரங்களில் யுரேனியம் 233 ஆக மாறும். அந்த யுரேனியத்தின் கரு ஒன்று பிளந்தால் சராசரியாக இரண்டரை நியூத்திரன் வெளியே வரும். அடுத்த கருவைப் பிளக்க ஒன்று வேண்டும். புதுத் தோரியத்தை மாற்ற இன்னொன்று வேண்டும். மிச்சம் அரை. உலையின் சுவரிலும் குழாயிலும் வீணாகப் போவதெல்லாம் அந்த அரைக்குள்ளே அடங்க வேண்டும். ஒரு பெரிய நாட்டின் மின்சாரத் திட்டம் அந்த அரை நியூத்திரனில் நிற்கிறது, பாருங்கள். போளை எண்ணுகிற அதே வேலைதான், எண்ணும் பொருள் மட்டும் வேறு.

பாபா 1966இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் ‘காமினி’ என்ற சிறிய உலை 1996இல் இயங்கத் தொடங்கியது. யுரேனியம் 233இல் ஓடும் அந்த உலையின் வலு 30 கிலோவாற்று, அதாவது பதினைந்து மின்கேத்தல்கள் அளவு. மூன்றாம் கட்டம் இன்னும் வந்து சேரவில்லை.

நம் நாட்டில் அணு உலை இல்லை. ஆனால் மின்சாரத்தை எதிலிருந்து எடுப்பது என்ற கேள்வி கொட்டியாரக் குடாவின் கரையிலேயே இருக்கிறது. அங்குள்ள சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் கட்டும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையத்துக்கு வேலை தொடக்கி வைத்தார்கள். வெயில் நன்றாக எறித்தால் 120. முகில் மூடினால் குறையும். பொழுது பட்டால் பூச்சியம்.

இன்று மாலை ஆறரைக்கு உங்கள் வீட்டு மின்மானியில் உள்ள எண்ணை அப்பாவோடு போய்ப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். இரவு பத்தரைக்குத் திரும்பப் பாருங்கள். முதலாவதை இரண்டாவதிலிருந்து கழியுங்கள். சூரியன் போன பிறகு உங்கள் வீடு கேட்ட மின்சாரம் அது. அந்த எண்ணையும், போளை விட்டுப் பார்த்த சோக்குக் கோடுகளின் படத்தையும் எனக்கு அனுப்பி வையுங்கள்.