"டொக்டர் இல்லை" என்றால் அடுத்து என்ன கேட்பது?

புத்தளம் மாவட்டத்தில், பாலாவியில் பிரிந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியோரம், கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் ஊர்களில் ஒன்று மாம்புரி. 2010 இல் இங்கே காற்றாலைகள் சுழலத் தொடங்கின. அயலில் நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் இந்தக் கரையில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், கற்பிட்டிக்குக் கொண்டு போவதா புத்தளத்துக்குக் கொண்டு போவதா என்ற யோசனையே முதலில் வருகிறது. வருத்தம் கடுமையென்றால் பயணம் சிலாபம், குருநாகல், அனுராதபுரம் என்று நீளும். கட்டடமும் கட்டிலும் இருந்தும் "அதுக்குரிய டொக்டர் இல்ல" என்ற பதிலோடு எத்தனையோ குடும்பங்கள் திரும்பி வந்திருக்கின்றன.

அந்த "இல்லை"யில் மூன்று வகை உண்டு. முதலாவது, அந்த வைத்தியசாலைக்கு அப்படியொரு பதவியே அனுமதிக்கப்படாமல் இருப்பது. இரண்டாவது, பதவி இருந்தும் ஆள் நியமிக்கப்படாமல் வெற்றிடமாகக் கிடப்பது. மூன்றாவதுதான் மக்கள் கண்ணில் படாதது: கடதாசியில் ஆள் இருப்பார், ஆனால் இணைப்பு அடிப்படையில் வேறோர் இடத்தில் வேலை செய்வார், அல்லது நீண்ட விடுமுறையில் இருப்பார். கணக்கில் வெற்றிடம் இல்லை என்பதால் பதிலுக்கு ஒருவரும் வரமாட்டார். எந்த "இல்லை" என்று தெரியாமல் போராட்டம் நடத்தினாலும் மகஜர் கொடுத்தாலும், அது பெரும்பாலும் தவறான கதவைத் தட்டுவதாகவே முடிகிறது.

ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு. எந்த வைத்தியசாலைக்கு எத்தனை பேர் என்ற அங்கீகரிக்கப்பட்ட ஆளணியை அனுமதிப்பது திறைசேரியின் கீழுள்ள முகாமைத்துவ சேவைகள் திணைக்களம். வைத்தியர்களை நியமிப்பதும் இடமாற்றுவதும் மத்திய சுகாதார அமைச்சின் வழியாக நடக்கிறது. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு சிறிய வைத்தியசாலைகளை நடத்துவது மாகாணம். ஆக, வைத்தியசாலை மாகாணத்துடையது, வைத்தியரை அனுப்புவது கொழும்பு, பதவியை அனுமதிப்பது திறைசேரி. வடமேல் மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்தது. அதன்பின் மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. மாகாண சுகாதாரத்தைப் பற்றிக் கேள்வி கேட்க மக்கள் தெரிவு செய்த ஓர் உறுப்பினர்கூட அங்கே இல்லாமல் இத்தனை வருடம் போய்விட்டது. இதைச் சிறிய விடயமாக நான் நினைக்கவில்லை.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் இந்த ஆளணித் திட்டமிடல் எவ்வளவு பலவீனமானது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வருடம் ஜூனில் அரச ஊழியர்கள் வெளிநாட்டு வேலைக்காக ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை எடுக்கச் சுற்றறிக்கை வந்தது. அதே வருட இறுதியோடு அரச சேவையில் ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டது. ஒரு பக்கம் இளையவர்கள் புறப்பட, மறுபக்கம் மூத்தவர்கள் வீட்டுக்குப் போக வேண்டிய நிலை. 2023 இல் அனுராதபுரம் போதனா வைத்தியசாலையில், குழந்தை நல வைத்திய நிபுணர்கள் வெளிநாடு சென்றதால் ஒரு சிறுவர் விடுதியை மூட வேண்டி வந்தது. புத்தளத்தில் முடியாததற்கு அனுராதபுரம் போகும் தாய்மாருக்கு அந்தச் செய்தி தூரத்துச் செய்தி அல்ல. ஒரு வைத்தியரை உருவாக்க ஐந்து வருடப் படிப்பும் ஒரு வருட உள்ளகப் பயிற்சியும் வேண்டும். இன்றைய வெற்றிடத்தை நாளை நிரப்ப முடியாது. அதனால்தான் முன்கூட்டியே கணக்குப் பார்ப்பது உயிர் காக்கும் வேலையாகிறது.

அந்தக் கணக்கு எதை வைத்துப் போடப்படுகிறது? கற்பிட்டிக் குடாநாட்டின் மக்கள் தொகை ஒருபோதும் ஒரே நிலையில் இருந்ததில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில்தான் தஞ்சமடைந்தார்கள். பலருடைய வாக்காளர் பதிவு நெடுங்காலம் வடக்கிலேயே இருந்தது. பிரசவமும் காய்ச்சலும் இங்கே இருந்தன. மீன்பிடிப் பருவத்தில் வாடிகள் நிறைகின்றன, தலவில திருவிழாவுக்குப் பெருங்கூட்டம் வருகிறது. கட்டில் எண்ணிக்கையையும் பழைய பதிவேட்டையும் பார்த்து ஆளணி போட்டால் இவையெல்லாம் விட்டுப்போகும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முறை வேறு: ஓர் இடத்தில் உண்மையில் எவ்வளவு வேலை நடக்கிறது, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் தேவை என்று பார்த்து, அதிலிருந்து எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடுவது. ஓபிடி துண்டுகளும் கிளினிக் கொப்பிகளும் இருக்கும் இடமெல்லாம் இந்தக் கணக்கைச் செய்யலாம்.

இன்னொரு வழியும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீட்டில் புத்தளமும் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளை மாவட்டத்துக்குத் திரும்பிச் சில வருடம் பணியாற்ற வேண்டும் என்ற கட்டுப்பாடு அதில் இல்லை. கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. திரும்பி வருபவருக்கு விடுதி, மேற்படிப்பில் முன்னுரிமை, பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலை என்று கொடுத்தால் வருவார்கள். கிராமத்துப் பின்னணியுள்ளவர்கள் கிராமத்தில் பணியாற்ற விரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

வைத்தியரைப் பற்றியே பேசிக் குடும்பநல உத்தியோகத்தரை மறந்துவிடுகிறோம். பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் அவர் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும். தொப்புளில் சீழ் இருக்கிறதா, தாய்க்குக் காய்ச்சலோ அதிக இரத்தப்போக்கோ இருக்கிறதா, பால் சரியாக இறங்குகிறதா என்று பார்ப்பது அவர்தான். ஒரு பிரிவு வெற்றிடமானால் பக்கத்துப் பிரிவுக்காரர் பதில் கடமை பார்ப்பார். இரண்டு பிரிவின் மணல் பாதைகளிலும் ஒருவரே அலைய வேண்டும். வருகை தவறினால் அவர்மேல் கோபப்படாமல், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் "எங்கள் பிரிவுக்கு நிரந்தரமாக யார்?" என்று கேளுங்கள். ஆள் இல்லாத இடத்தில் போலி வைத்தியர் கடை போடுவார் என்பதும் நினைவிருக்கட்டும். இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவசரமென்றால் 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குப் பணம் இல்லை.

சுகாதாரம் நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியாக எழுதப்படவில்லை. ஆனால் சமமாக நடத்தப்படும் உரிமை 12(1) இல் இருக்கிறது. பாகுபாடு நடந்ததாகக் கருதினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். அதைவிடக் கைக்கு எளிதான கருவி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேள்வி இப்படி இருக்கட்டும்: இந்த வைத்தியசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி தரம் வாரியாக எவ்வளவு? இன்று கடமையில் இருப்பவர் எத்தனை பேர்? இணைப்பில் வேறிடத்தில் இருப்பவர் எத்தனை பேர், எந்தத் திகதியிலிருந்து? ஒவ்வொரு வெற்றிடமும் எப்போது கோரப்பட்டது?

14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். மறுத்தால் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். கடிதம் கிடைத்ததற்கான அத்தாட்சியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் அதன் பிரதியோடு கற்பிட்டி பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்குப் போய், எந்த "இல்லை" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டாலும் தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிந்து கொடுக்கச் சட்டம் கடமைப்படுத்துகிறது.