அடையாளமிட்ட மீன் உரைக்கும் செய்தி

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் இலர். நிலாக் காலத்திலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறு நுனியிற் செவியை வைத்து அவ்விசையைக் கேட்டு மகிழ்ந்தோர் பலர். பாடும் மீனைப் போலவே, தான் சென்று வந்த வழியைத் தானே கூறும் மீனும் உண்டு. விஞ்ஞானிகள் அதன் உடலிற் பூட்டிய சிறிய இலக்கத் தகடே அதற்கு நாவாகின்றது.

வாவியின் இரு வாயில்கள்

ஏறாவூர்ப் பக்கந் தொடங்கிக் கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது நமது வாவி. அது கடலோடு கலப்பது இரண்டு இடங்களிலேயாம். ஒன்று மட்டுநகரை அடுத்த பாலமீன்மடு முகத்துவாரம். மற்றொன்று தெற்கே கல்லாற்றுப் பக்கத்தில் உள்ளது. கோடையில் அலைகள் மணலைக் குவித்து வாயிலை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் பெருகி வயல்களை மூடும்போது, அம்மணற்றிட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவர். பயிரைக் காக்க விரைந்து வெட்ட வேண்டும் என்பார் உழவர். வெட்டினால் மீனும் நீரோடு போய்விடுமே என்று கவலுவார் மீனவர். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும், வெளியே போகும் மீன் எங்கே போகின்றது? ஏன் போகின்றது? மீண்டும் வருமா? இவற்றுக்கு விடை கூறவல்லது அடையாளமிட்ட மீனேயாம்.

டென்மார்க்கில் ஒரு வாவி

டென்மார்க்கு நாட்டிலே லிம்பியோட் என்னும் நீண்ட நீர்நிலை ஒன்று உண்டு. 1825ஆம் ஆண்டிற் பெரும்புயலொன்று அதன் மேற்குக் கரையை உடைக்க, வடகடல் உள்ளே புகுந்தது. அதன்பின் அங்கே தட்டை மீன்கள் மலிந்தன. பீற்றர்சன் என்னும் விஞ்ஞானி 1890களில் இவற்றை ஆராய்ந்தார். எலும்பாலான சிறு பொத்தான்களை வெள்ளிக் கம்பியால் மீன்களிற் பூட்டி நீரில் விட்டார். பின்னர் வலையில் அகப்பட்டவற்றைக் கொண்டு கணக்கெடுத்தார். அந்நீர்நிலையின் இளமீன்கள் அங்கே பிறந்தவை அல்ல, ஆண்டுதோறும் வடகடலிலிருந்து வருபவை என்பதை 1896இல் அவர் எடுத்துக்காட்டினார். புயல் திறந்த வாயிலே அம்மீன்களுக்கு வழியாயிற்று.

நம் அயல்நாட்டிலும் இம்முயற்சி நடந்தது. ஒடிசாவின் சிலிக்கா ஏரியில், ஜிங்ரன் முதலிய ஆராய்ச்சியாளர் 1959ஆம் ஆண்டில் மடவை மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டனர். நம்மவர் மணலை என்று வழங்குவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மடவை வாவியில் உண்டு வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குச் செல்லும். அதன் குஞ்சுகளோ மீண்டும் வாவியை நாடி வரும். சிலிக்காவின் வாயில் காலப்போக்கில் மணலால் தூர்ந்தது, மீன்வளமும் குன்றிற்று. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரிற் புதிய வாயில் வெட்டப்பட்டபின் மீன்பிடி பன்மடங்கு பெருகிற்று.

கொடுவாவின் கதை இன்னும் வியப்பானது. அது முதலில் ஆணாக முதிர்ந்து, பெரிதானபின் பெண்ணாக மாறுவது. அதன் முட்டைக்கு உவர்நீர் வேண்டும். ஆதலின் முகத்துவாரத்தை நாடிச் செல்லும். அவ்விடத்தில் வலை கொண்டு வழியை அடைப்போர் பெரிய மீன் கிடைத்தது என்று மகிழலாம். அவர் பிடித்தது தாய்மீன் என்பதை மறத்தலாகாது.

வீட்டிற் செய்து பாருங்கள்

வாவியில் எத்தனை மீன் உண்டு என்பதையும் இம்முறையால் மதிப்பிடலாம். மாணவர்கள் ஒரு பை நிறையப் புளியங்கொட்டை எடுத்துக்கொள்க. அவற்றுள் 20க்குச் சுண்ணாம்பு பூசி, உலர்ந்தபின் பையிலிட்டு நன்கு குலுக்குக. பாராமலே 30 கொட்டைகளை எடுத்தால், அவற்றுள் 4 வெள்ளையாக இருக்கின்றன என்று கொள்வோம். 20ஐ 30ஆற் பெருக்கி 4ஆல் வகுக்க 150 வரும். பையிலுள்ளவை ஏறத்தாழ அத்துணையே. இது மதிப்பீடே; எண்ணிப் பார்த்தால் வேறுபாடு பெரிதாகவும் இருக்கலாம். பீற்றர்சன் பெயரால் வழங்கும் கணக்கு இதுவேயாம்.

இக்காலத்தில் ஒலி எழுப்பும் சிறு கருவிகளையும் மீனின் உடலுள் வைக்கின்றனர். நீருள் நாட்டிய வாங்கிகள் அவ்வொலியைக் கேட்டு, இன்ன மீன் இன்ன நேரத்தில் இவ்வழியே சென்றது எனப் பதிந்துகொள்கின்றன. எனினும், சாதாரணத் தகட்டின் பயன் இன்றும் குன்றவில்லை. ஆனால் அதற்கு ஒருவர் துணை இன்றியமையாதது. வலையில் அகப்பட்ட மீனில் தகட்டைக் கண்டு, பிடித்த இடத்தையும் நாளையும் குறித்துத் திருப்பி அனுப்பும் மீனவரே அவர். அவர் அதனைக் குப்பையில் எறிவாராயின் மீனின் வாய் அடைபட்டுவிடும். அறிஞரின் உழைப்பும் வீணாகும்.

முகத்துவாரத்தை எப்பொழுது வெட்டுவது, எங்கே வலை விரிக்கலாகாது என்பவற்றை உழவரும் மீனவரும் கூடி முடிவு செய்யும்போது, மீனின் வாக்குமூலமும் அச்சபையில் இருத்தல் வேண்டும். வாவியும் கடலும் நமக்கு இரண்டாகத் தோன்றலாம். மீனுக்கோ அவை ஒரே வீட்டின் இரண்டு அறைகள். இடையிலுள்ள கதவைக் காக்கும் பொறுப்பு நம்முடையதே.