பாவையின் மறுபிறப்பு

நுழையும்முன்

விளையாடி முடித்த பொம்மைக்கு எத்தனை நாள் வாழ்வு? குழந்தை வளர்ந்ததும் அது பரணுக்குச் செல்லும். பின்னர்க் குப்பைக்குச் செல்லும். அதனை மீட்டெடுத்து அணிகலனாகவும் கலைப்பொருளாகவும் ஆக்குவோர் உளர். அவர்தம் பணி கழிவைக் குறைப்பதோடு நின்றுவிடுவதில்லை; அழகு எதுவென முடிவுசெய்பவர் யார் என்றும் வினவுகிறது.

பாவை பிறந்த கதை

அமெரிக்காவைச் சேர்ந்த ரூத் ஹேண்ட்லர், தம் மகள் பார்பரா காகிதப் பாவைகளை வளர்ந்த பெண்களாகப் பாவித்து விளையாடுவதைக் கண்டார். அக்காலப் பொம்மைகளுள் பெரும்பாலானவை கைக்குழந்தையின் உருவில் இருந்தன. சிறுமி ஒருத்தி தன் எதிர்காலத்தைக் கற்பனை செய்து பார்க்க வளர்ந்த பெண்ணுருவில் ஒரு பாவை வேண்டும் என அவர் எண்ணினார். செர்மனியின் ‘பில்ட் லில்லி’ பொம்மையை முன்மாதிரியாகக் கொண்டு உருவான பார்பி, 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதன் உயரம் 11.5 அங்குலம், விலை 3 டாலர். மேட்டல் நிறுவனம் இதுவரை 100 கோடிக்கும் மேற்பட்ட பார்பிகளை விற்றுள்ளது.

சிறுமியரின் கனவை விரிக்கப் பிறந்த அப்பாவையே அக்கனவுக்கு ஓர் அளவுகோலாகவும் மாறிற்று. மிகச் சிறுத்த இடையும் மிக நீண்ட கால்களும் இயல்பான மனித உடலில் அமைவன அல்ல. அவற்றைப் பார்த்து வளரும் சிறுமி தன் உடலைக் குறையுடையதாகக் கருதிவிடுவாளோ என்னும் கவலை எழுந்தது. அக்கவலைக்குக் கலைஞர்கள் தம் கைத்திறனால் மறுமொழி கூறினர்.

அணியாகும் உறுப்புகள்

அமெரிக்க அணிகலன் கலைஞர் மார்கோ லாங், பழைய பார்பிகளின் கண், இதழ், கை முதலிய உறுப்புகளை வெட்டியெடுத்து வெள்ளியில் பதித்து அணிகலன்கள் உருவாக்குகிறார்.

இப்பணிக்குப் பொருளறிவு தேவை. பார்பியின் தலை மென்மையான வினைலால் ஆனது. உடற்பகுதி கடினமான நெகிழியால் ஆனது. வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் தலை இளகிக் கழுத்திலிருந்து எளிதில் கழலும். நகப்பூச்சு நீக்கப் பயன்படும் அசிட்டோன் முகத்தின் வண்ணத்தை அகற்றும். கடின நெகிழியில் பட்டாலோ அதனைக் கரைத்துவிடும். வெள்ளியைப் பற்றவைக்கும் வெப்பத்தை நெகிழி தாங்காது. ஆகவே, வெள்ளிச் சட்டத்தின் பற்றவைப்பு வேலைகளை முடித்து, அது குளிர்ந்தபின் உறுப்பை உள்ளே வைத்து, விளிம்பை மடித்து இறுக்குவர். வைரக்கல்லுக்குரிய இடத்தில் ஒரு பொம்மையின் புன்னகை அமர்கிறது.

பெண்ணுருவைத் துண்டுகளாக்கி அணிவது முறையோ எனச் சிலர் வினவலாம். விளம்பரங்கள் கூந்தலுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, பாதத்திற்கு ஒன்று எனப் பெண்ணை முன்னரே துண்டுகளாக்கியே காட்டுகின்றன. நாம் பழகிப்போய்க் காணத் தவறியதை இவ்வணிகள் கண்முன் நிறுத்துகின்றன எனலாம்.

ஒப்பனை கலைந்த முகம்

ஆசுதிரேலியாவின் தாசுமேனியாவில் வாழும் சோனியா சிங் வேறொரு வழியைத் தேர்ந்தார். அறிவியல் துறையில் தாம் பார்த்துவந்த வேலையை இழந்தபின், பழம்பொருள் கடைகளில் கிடைத்த ‘பிராட்சு’ பொம்மைகளைச் சேகரித்தார். அவற்றின் அடர்ந்த ஒப்பனையை அழித்து, இயல்பான சிறுமியின் முகத்தை வரைந்தார். காலணியைக் கழற்றினால் பாதமும் உடன் கழன்றுவிடும் அமைப்புடையவை அப்பொம்மைகள். எனவே, அவற்றுக்குப் புதிய பாதங்களை வார்த்தார். அவருடைய அன்னை கம்பளி ஆடை பின்னித் தந்தார். 2015ஆம் ஆண்டு இணையம்வழி இப்பொம்மைகள் உலகறிந்தன. ஓடவும் மரமேறவும் ஆயத்தமான தோற்றமே அவற்றின் புதிய அழகு.

நீதிமன்றம் கண்ட பொம்மை

ஒரு நிறுவனம் விற்ற பொம்மையை வைத்து அதனையே விமர்சிக்கலாமா? ஒளிப்படக் கலைஞர் டாம் ஃபோர்சைத் 1997இல் பார்பியைச் சமையலறைக் கருவிகளிடையே சிக்கவைத்து 78 படங்கள் எடுத்தார். மேட்டல் நிறுவனம் 1999இல் வழக்குத் தொடுத்தது. அப்படங்கள் விமர்சன நோக்குடைய நியாயமான பயன்பாடே என 2003இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுஆண்டு, கலைஞரின் வழக்குச் செலவாக 18 இலட்சம் டாலருக்கும் மேல் வழங்குமாறு நிறுவனத்திற்கு ஆணையிடப்பட்டது. பொருளின் உரிமை ஒருவருக்கு இருப்பினும், அதன் பொருள் குறித்துப் பேசும் உரிமை அனைவர்க்கும் உண்டு என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

மேட்டல் நிறுவனமும் 2016இல் உயரமான, குள்ளமான, பருத்த உடலமைப்புகளுடன் பார்பிகளை வெளியிட்டது. ஒரே அச்சில் வார்த்த பாவைகள் கோடிக்கணக்கில் இருக்கலாம். மனித உடல்களோ ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. கலைஞரின் கைபட்டு மறுபிறப்பெடுக்கும் பாவை இவ்வுண்மையை நமக்குச் சொல்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் பயன்பாடற்றுக் கிடக்கும் பொம்மை ஒன்றைக் கலைப்பொருளாக்கி, அதன் செய்முறையை வகுப்பறையில் விளக்குக.
2. ‘விளம்பரங்கள் காட்டும் அழகும் உண்மை அழகும்’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.