இயல்பறிந்து கற்பித்தல்

ஒரு வகுப்பறையை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதி, "இதன் விடை யாது?" என்று கேட்கிறார். கேள்வி முடிவதற்கு முன்னரே ஒரு மாணவன் துள்ளியெழுந்து விடை கூறுகிறான். அது தவறு. அவன் சற்றும் நாணாமல் வேறொரு விடையைக் கூறுகிறான். இரண்டாம் வரிசையில் ஒரு பெண், பக்கத்தில் இருப்பவளிடம் மெல்லக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்ட பின்னரே கையை உயர்த்துகிறாள். மற்றொருவன் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு, சன்னலுக்கு வெளியே அணிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசி வரிசையில் ஒரு சிறுவன் சரியான விடையை நோட்டில் எழுதி முடித்துவிட்டு, ஆசிரியர் கண்ணில் படாதிருக்கத் தலையைக் குனிந்துகொள்கிறான். ஆசிரியர் ஒருவர், பாடம் ஒன்று, கேள்வியும் ஒன்றே. ஆனால் அதை ஏற்கும் உள்ளங்களோ நான்கு விதம்.

இதனை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் 'தனியாள் வேற்றுமை' என்னும் தலைப்பில் கற்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். வகுப்பறைக்குள் நுழைந்தபின் மறந்துவிடுகிறோம். நானும் அவ்வாறு மறந்தவர்களுள் ஒருவனே. அதைப் பின்னர்க் கூறுகிறேன்.

மாணவர் இயல்பு ஒன்றுபோல் இராது என்பது நமக்குப் புதிய செய்தியன்று. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், மாணாக்கரை எட்டு உவமைகளால் பாகுபடுத்துகிறார். பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னம் போன்றவரும், மேய்ந்ததைப் பின் அமைதியாக அசைபோடும் பசுவைப் போன்றவரும் முதல் வகையினர். உழவன் உழைப்புக்கு ஏற்ற அளவு பயன்தரும் மண்ணும், சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளியும் இடைப்பட்டோருக்கு உவமை. ஓட்டைக் குடமும், செடிக்குச் செடி தாவி நுனிப்புல் மேயும் ஆடும், தான் குடிக்கும் நீரையே கலக்கிவிடும் எருமையும், நெய்யைக் கீழே விட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் நெய்யரியும் கடைப்பட்டோருக்கு உவமை. மாணவரைத் தலை, இடை, கடை என வரிசைப்படுத்துவதை இன்றைய ஆசிரியர் ஏற்கத் தயங்கலாம். ஆயினும் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, இவ்வுவமைகள் பெரும்பாலும் மாணவன் எவ்வளவு அறிவுடையவன் என்பதைக் கூறாமல், கற்பதை எவ்வாறு ஏற்கிறான் என்பதையே கூறுகின்றன. மற்றொன்று, அதே நூல் ஆசிரியரையும் விடவில்லை. கொள்பவனுடைய கொள்ளும் வகையை அறிந்து கற்பிக்க வேண்டும் என்று அவருக்குக் கட்டளையிடுகிறது. நல்லாசிரியருக்கு இலக்கணம் கூறியதோடு, ஆசிரியராகத் தகாதவர் யார் என்பதையும் உவமைகளால் சுட்டுகிறது.

அண்மைக் காலத்தில் இவ்வேற்றுமையை அளந்தறிய முயன்றவர்களுள் தலையாயவர் பிரெஞ்சு நாட்டு ஆல்பிரட் பினே ஆவார். வகுப்போடு ஒத்துச் செல்ல இயலாத குழந்தைகளுக்குத் தனி உதவி அளிப்பதற்காக, அவர்களைக் கண்டறியும் வழியை ஆராய 1904-இல் அந்நாட்டு அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் விளைவாகப் பினேயும் அவருடைய துணைவர் சிமோனும் 1905-இல் ஓர் அளவுகோலை உருவாக்கினர். அதில் எளியதிலிருந்து அரியது வரை 30 சோதனைகள் இருந்தன. இன்று 'நுண்ணறிவு ஈவு' என்று வழங்கும் எண்ணுக்கு மூலம் இதுவே. உதவி தருவதற்காகப் பிறந்த கருவி, பின்னர்ப் பல இடங்களில் முத்திரை குத்தும் கருவியாயிற்று. ஒரு மனிதனின் அறிவு மாற்ற முடியாத அளவுடையது என்று சொல்வோரைப் பினேயே 1909-இல் எழுதிய நூலில் மறுத்துள்ளார் என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும்.

அறிவு ஒன்றே கல்வியை முடிவுசெய்வதும் இல்லை. மனிதர் இயல்புகளை ஐந்து பெரும் கூறுகளாகப் பகுத்துக் காண்பது இன்றைய உளநூலாருள் பலரின் வழக்கம். புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறமுக நோக்கு, இணக்கம், மனக்கலக்கம் என்று அவற்றைக் கூறலாம். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2009-இல் வெளிவந்த ஒரு பேராய்வு, இவ்வைந்தனுள் பள்ளி மதிப்பெண்ணோடு மிக நெருங்கிய தொடர்புடையது பொறுப்புணர்வே என்று காட்டியது. எடுத்ததை முடிப்பது, நேரம் தவறாமை, செய்ததைத் திருப்பிப் பார்ப்பது ஆகிய பழக்கங்களின் தொகுதியே இது. கூர்மதி படைத்தும் பின்தங்கும் மாணவரையும், நடுத்தர மதியோடு முன்னேறும் மாணவரையும் நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? பழக்கங்கள் பெரும்பாலும் வளர்க்கத்தக்கவை என்பது நமக்கு ஆறுதலான செய்தி.

குழந்தைகளின் பிறவிச் சுபாவத்தைப் பற்றி நியூயார்க் நகரில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மருத்துவத் தம்பதியர் 1956-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். கைக்குழந்தைப் பருவம் முதல் 130-க்கு மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் எதற்கும் எளிதில் இணங்குபவர். 10 பேர் எளிதில் இணங்காதவர். 15 பேர் புதியதைக் கண்டால் முதலில் ஒதுங்கி நின்று, மெல்ல மெல்லப் பழகுபவர். எஞ்சிய 35 பேர் எந்த வகையிலும் அடங்கவில்லை! வகைகளை வகுத்தவர்களே, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அவற்றுக்குள் அடங்கார் என்று கூறியது சிந்திக்கத்தக்கது. அவர்கள் கண்ட முடிவு யாதெனில், நல்ல சுபாவம், கெட்ட சுபாவம் என்று எதுவுமில்லை; குழந்தையின் இயல்புக்கும் பெரியோர் அதனிடம் எதிர்பார்ப்பதற்கும் இடையே உள்ள பொருத்தமே முக்கியம் என்பதாகும்.

அப்பொருத்தம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு என் வாழ்விலேயே சான்று உண்டு. நான் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் கற்பித்து வந்தேன். கேள்வி கேட்டால் உடனே விடை வரவேண்டும் என்பது என் கொள்கை. அவ்வகுப்பில் தறி நெய்யும் தொழிலாளி ஒருவரின் மகன் இருந்தான். எழுப்பிக் கேட்டால் தரையைப் பார்த்து நிற்பான். நானோ அடுத்தவனிடம் சென்றுவிடுவேன். தேர்விலும் அவன் மெதுவாக எழுதிப் பாதித்தாளைக் காலியாக விடுவான். அரையாண்டுத் தேர்ச்சி அட்டையில், "மந்தமானவன், படிப்பில் நாட்டமில்லை" என்று எழுதினேன்.

பொங்கல் விடுமுறைக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. சில நாள் கழித்து, என் மேசைமீது கிடந்த நோட்டுகளுள் அவனுடையதை எடுத்துப் புரட்டினேன். வீட்டுப்பாடமாகக் கொடுத்த வடிவியல் தேற்றங்கள் அனைத்தும் ஒரு பிழையுமின்றி நிறுவப்பட்டிருந்தன. ஓரிடத்தில் நான் கற்பித்ததைவிடச் சுருக்கமான வழியை அவனே கண்டு எழுதியிருந்தான். பக்கந்தோறும் சிவப்பு மையில் என் கையொப்பம் இருந்தது. நான் கையொப்பமிட்டிருந்தேன், படித்திருக்கவில்லை.

அன்று மாலையே அவன் வீட்டிற்குச் சென்றேன். தந்தைக்கு எழுத்தறிவு இல்லை. அட்டையை அண்டை வீட்டார் படித்துச் சொல்லியிருக்கின்றனர். "வாத்தியார் ஐயா, நீங்கதானே எழுதியிருக்கீங்க? நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்?" என்றார் அவர், மிகுந்த மரியாதையுடன். நான் எழுதியது தவறு என்று எவ்வளவோ எடுத்துரைத்தேன். சிறுவன் தறிக்குழியில் இறங்கி நின்றபடி வழக்கம்போல் தரையைப் பார்த்திருந்தான். அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை.

என் தவறு யாது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஆய்வைப் படித்தபோது தெளிவாக உணர்ந்தேன். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அம்மையார், வகுப்பறைப் பேச்சுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 1974-இல் வெளியிட்ட முடிவு அது. ஆசிரியர் கேள்வி கேட்டபின் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரி ஒரு வினாடியே. அதனை மூன்று வினாடியாக நீட்டினால் விடைகள் நீள்கின்றன. விடையளிக்காதோர் தொகை குறைகிறது. மந்தமானவர் என்று ஆசிரியர் கருதிய மாணவரும் பேசத் தொடங்குகின்றனர். இரண்டு வினாடிப் பொறுமைக்கு இத்துணைப் பயன்!

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இயல்பறிதல் என்பது மாணவர் நெற்றியில் புதுப் பெயர் ஒட்டுவதன்று. 'இவன் கண்ணால் கற்பவன், அவள் காதால் கற்பவள்' என்று பிரித்து, அதற்கேற்பவே கற்பிக்க வேண்டும் என்னும் கொள்கை உலகெங்கும் பரவியுள்ளது. உளநூலார் நால்வர் அதற்குரிய சான்றுகளைச் சோதித்து, போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இல் அறிவித்தனர். 'அகமுகன்' என்னும் பெயரும், 'மந்தன்' என்பது போலவே, ஒரு குழந்தையை அடைத்துவைக்கும் கூண்டாகிவிடக் கூடும்.

"ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவர் இயல்பையும் அறிவது இயலுமா?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கலாம். ஐம்பது வகைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கற்றதை வெளிப்படுத்தும் வழியைச் சற்று விரித்தால் போதும். கேள்வி கேட்டவுடன் அனைவரும் நோட்டில் எழுதட்டும்; பிறகு அடுத்திருப்பவரோடு பேசட்டும்; அதன் பின்னர் எழுந்து சொல்லட்டும். அவசரக்காரன் நிதானிக்கக் கற்பான். அஞ்சுபவள் துணிவு பெறுவாள். கையும் காலும் ஓயாத பிள்ளைக்கு நோட்டுகளை வழங்கும் வேலையையும் கரும்பலகை துடைக்கும் வேலையையும் கொடுங்கள். கூச்சமுள்ள குழந்தையை ஆண்டுவிழா மேடையில் திடீரென்று நிறுத்தாதீர்கள். என்றென்றும் விலக்கியும் வைக்காதீர்கள். முதலில் இருவர் முன், பிறகு பத்துப் பேர் முன் பேசப் பழக்குங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "அக்காவைப் பார், அவள் எப்படிப் படிக்கிறாள்!" என்னும் சொல்லை விட்டுவிடுங்கள். ஒரு வயிற்றுப் பிள்ளைகளும் ஓரியல்பினர் அல்லர். உங்கள் குழந்தை எந்த வேளையில், எந்தச் சூழலில் நன்கு கற்கிறது என்பதை நீங்கள் கவனித்து ஆசிரியரிடம் கூறினால், அது அவருக்குப் பேருதவியாகும்.

தேர்ச்சி அட்டையில் குழந்தை 'இத்தகையது' என்று முடிவு கட்டாமல், நாம் கண்டதை மட்டும் எழுதுவோம். 'மந்தமானவன்' என்று எழுத ஒரு நொடி போதும். 'வாய்மொழியாகக் கேட்டால் தயங்குகிறான். எழுத்தில் தெளிவாக விடையளிக்கிறான். சற்று நேரம் கொடுக்க வேண்டும்' என்று எழுதுவதற்கு, அவன் நோட்டைத் திறந்து படித்திருக்க வேண்டும். அந்த ஒரு கடமையை நான் செய்திருந்தால், ஒரு நல்ல கணித மாணவனைப் பள்ளி இழந்திராது. இதைக் கேட்கும் இளம் ஆசிரியர்கள் நாளை வகுப்புக்குச் செல்லும்போது, கடைசி வரிசையில் தலைகுனிந்திருக்கும் பிள்ளையின் நோட்டை முதலில் எடுத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.